நம்மைத் தாங்கும் எலும்புகள்

தென்னாட்டிலிருந்து காசிக்கும் பிரயாகைக்கும் வரும் உறவினர்கள், துணியில் பொதிந்த சிறு கலசம் ஒன்றை வீட்டினுள் கொண்டுவராமல் வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டு, நம் இல்லங்களில் ஓரிரவு தங்கிச் செல்வது வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. அதனை நாம் 'அஸ்தி' என்கிறோம். சாம்பல் என்று அதற்குப் பொருள் கொள்வோர் பலர். அச்சொல்லின் நேர்ப்பொருள் எலும்பு என்பதே. பழந்தமிழில் 'என்பு' என்பர். தீயிலிட்ட உடலில் தசையும் தோலும் குருதியும் இருந்த இடம் தெரியாமல் மறைய, எலும்பின் ஒரு பகுதி மட்டும் எரியாமல் எஞ்சுகிறது.

அங்ஙனம் எஞ்சுவது யாது? சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் பாஸ்பரமும் கூடிய கனிமமே அது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு இக்கனிமம். மீதியுள்ளதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். சிறிது நீரும் உண்டு. நார் தீயில் எரிந்துபோகிறது, கனிமம் நிற்கிறது. ஆனால் நார் இழந்த எலும்பைக் கையால் நெருக்கினாலே பொடியாகிவிடும். இதற்கு நேர்மாறான சோதனையும் உண்டு. புலால் சமைக்கும் இல்லத்தார் கோழியின் கால் எலும்பு ஒன்றைக் கழுவிச் சில நாள்கள் வினிகரில் ஊறவைத்தால், கனிமம் கரைந்து நார் மட்டும் மிஞ்சும். அந்த எலும்பை ரப்பரைப் போல வளைக்கலாம். பள்ளிச் சிறுவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. புலால் உண்ணாத இல்லத்தார் அண்டைவீட்டில் சென்று பார்த்துக்கொள்ளலாம்! காங்கிரீட்டுத் தூணில் இரும்புக் கம்பி எந்த வேலையைச் செய்கிறதோ, அதையே எலும்பில் நார் செய்கிறது. சிமெண்டின் வேலையைக் கனிமம் செய்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் தூண் நில்லாது.

எனினும், தூண் என்ற உவமையை ஓரளவிற்கு மேல் நீட்டுதல் ஆகாது. கட்டி முடித்த தூண் அப்படியே நிற்கும். எலும்போ ஒவ்வொரு நாளும் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருவது.

காய்ந்த கூடும் உயிருள்ள எலும்பும்

எலும்பு என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது, பள்ளி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய வெள்ளைக் கூடே. அக்காட்சியே எலும்பைப் பற்றிய தவறான எண்ணத்தை நமக்கு ஊட்டிவிட்டது என்று கருதுகிறோம். உயிருள்ள உடலில் எலும்பு வெண்மையானதன்று. இளஞ்சிவப்பு நிறமும் ஈரமும் உடையது. அதன் மேல் ஒரு மெல்லிய உறை உண்டு. எலும்பு முறிந்தால் தாங்கொணா வலி எடுப்பதற்கு இவ்வுறையில் பரவியுள்ள நரம்புகள் பெரிதும் காரணம். எலும்பினுள் குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. அறுத்தால் குருதி கசியும். முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் உள்ளே இருக்கும் சிவந்த மச்சையே நம் குருதியின் பிறப்பிடம். அங்கே நொடிதோறும் 20 இலட்சத்திற்குக் குறையாத சிவப்பணுக்கள் உண்டாகின்றன. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி அணுக்கள் பிறந்திருக்கும்.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தொங்கிய அக்கூடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் தகும். பல பத்தாண்டுகளாக உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகளை அனுப்பிவந்த நகரங்களுள் கல்கத்தா தலையாயது. 1985 இல் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அயல்நாட்டு மாணவர் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் படித்த எலும்புகள் பெரும்பாலும் நம் நாட்டு ஏழைகளுடையவை. அவர்களுள் எவர் பெயரும் எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை. அதே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில்தான் 1836 இல், ஆயுர்வேதம் பயின்ற வைத்தியரான மதுசூதன் குப்தா, சமூகத்தின் வெறுப்பைப் பொருட்படுத்தாது மனித உடலைக் கத்தியால் அறுத்து ஆராய்ந்து, நம் நாட்டில் நவீன உடற்கூற்றுக் கல்விக்கு வழி திறந்தார்.

தமிழர்க்கும் இத்துறையில் ஒரு பழைய உரிமை உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி அச்சிடச் செய்தார். எலும்புகளின் பெயர்களைத் தமிழில் சொன்னால் மாணவர்க்கு விளங்காது என்று இன்று சொல்வோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அது நடந்தேறிய செய்தி என்பதை அறிய வேண்டும்.

எத்தனை எலும்புகள்?

சரகர் 360 என்றார். சுசுருதர் 300 என்றார். இன்றைய நூல்கள் 206 என்கின்றன. பழையோர் எண்ணத் தெரியாதவர் அல்லர்; எதை எலும்பு என்று கொள்வது என்பதில்தான் வேறுபாடு. சரகர் பற்களையும் பற்குழிகளையும் நகங்களையும் கூடச் சேர்த்து எண்ணினார். சுசுருதரின் கணக்கில் பற்களும் குருத்தெலும்புகளும் அடங்கின. சுசுருதர் வழியினர் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு நாள்கள் வைத்து, பின்னர் அடுக்கடுக்காகத் தேய்த்து உள்ளுறுப்புகளைக் கண்ணால் கண்டு கற்குமாறு விதித்தனர். மரபுப்படி இக்கல்வி காசி மன்னர் திவோதாசரிடம் சுசுருதர் பெற்றது. மேலைநாட்டில் கேலன் என்பார் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று எழுதிவைக்க, அதனையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஓதிவந்தனர். 1543 இல் வெளிவந்த தம் நூலில் வெசாலியஸ், மனிதனுக்குக் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று நேரிற் கண்டதை எழுதினார்.

206 என்பதும் வளர்ந்தவர்க்குரிய கணக்கே. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 பகுதிகள் இருக்கும். அவற்றுட் பல குருத்தெலும்பாக இருந்து, பின்னர் இறுகி, ஒன்றோடொன்று இணைகின்றன. குழந்தையின் உச்சந்தலையில் துடிக்கும் மென்மையான இடம் தலையோட்டின் எலும்புகள் இன்னும் கூடாத இடைவெளி. ஏறக்குறைய ஒன்றரை வயதில் அது மூடிக்கொள்ளும். முழங்கால் சில்லு பிறக்கும்போது முழுதும் குருத்தெலும்பே. அஃது எலும்பாகத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இந்த 206 எலும்புகளில் 80 உடலின் நடு அச்சைச் சேர்ந்தவை. 126 கை கால்களைச் சேர்ந்தவை. இரு கைகளின் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 54, இரு பாதங்களில் 52, ஆக 106. உடலிலுள்ள எலும்புகளில் பாதிக்கு மேற்பட்டவை நம் கைகளிலும் பாதங்களிலுமே இருக்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோலமிடுவதும் வீணை மீட்டுவதும் சோறு பிசைவதும் எழுதுவதும் இந்தச் சிறு எலும்புகளின் கூட்டுறவால் நிகழ்பவை.

தலையோட்டில் 22 எலும்புகள். காதுகளின் உள்ளே, ஒரு காதுக்கு மூன்றாக, சுத்தி, பட்டை, அங்கவடி என்னும் நுண்ணிய எலும்புகள் உள்ளன. அங்கவடி எலும்பே உடலில் மிகச் சிறியது. அதன் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இவை குழந்தை பிறக்கும்போதே முழு அளவில் இருப்பவை, பின்னர் வளர்வதில்லை. தொண்டையில் நாக்கின் அடியில் உள்ள நாவடி எலும்போ வேறெந்த எலும்போடும் மூட்டுக் கொள்ளாமல் தசைகளாலும் நார்களாலும் தொங்குகிறது. விலா எலும்புகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் 24 தான். ஆணுக்கு ஒன்று குறைவு என்னும் கதையை நம்ப வேண்டுவதில்லை.

காறை எலும்பைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். காறை என்பது கழுத்தில் அணியும் ஓர் அணி. அது படியும் இடத்தில் இருப்பதால் எலும்பும் அப்பெயர் பெற்றது. கருவில் ஐந்தாறு வாரங்களிலேயே, மற்றெல்லா எலும்புகளுக்கும் முன்னதாக, இறுகத் தொடங்குவது இதுவே. எல்லாவற்றிற்கும் பின்னதாக, 20 வயதைக் கடந்த பிறகு வளர்ச்சியை முடிப்பதும் இதுவே. எலும்பின் முனைகள் எந்த வயதில் கூடுகின்றன என்பதை எக்ஸ்ரே படத்திற் கண்டு, பிறப்புச் சான்று இல்லாத சிறுவர்களின் வயதை நீதிமன்றங்கள் மதிப்பிடுவதும் உண்டு.

முதுகெலும்பு ஓர் எலும்பன்று. பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள். அடியில் உள்ள ஐந்து கூடித் திரிக எலும்பாகவும், அதற்கும் கீழுள்ள நான்கு கூடி வால் எலும்பாகவும் ஆவதால் வளர்ந்தவர்க்கு 26. கழுத்தில் உள்ளவை 7. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் அதே 7 தான். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. பகலெல்லாம் நிற்பதாலும் உட்கார்வதாலும் அவை நீரை இழந்து சற்று அழுந்துகின்றன. இரவில் படுக்கையில் மீண்டும் உப்புகின்றன. ஆதலின் காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். சுவரில் கோடு கிழித்துப் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கும் பெற்றோர் ஒரே வேளையில் அளப்பார்களாக!

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. பேறுகாலத்து அறுவைக்காக முதுகில் ஊசி போட்டால் தண்டுவடம் கெட்டுவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. வளர்ந்தவர்க்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். உடலின் மிக நீண்ட எலும்பு தொடை எலும்பு. ஒருவர் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. அதன் மேல்முனை பந்துபோல் திரண்டு இடுப்பெலும்பின் குழியில் பொருந்துகிறது. பந்திற்கும் தண்டிற்கும் இடையே, சாய்வாக அமைந்த ஒரு குறுகிய கழுத்து உண்டு. நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது, உடல் எடையின் இரண்டரை மடங்கு அளவான பாரம் அந்தப் பக்கத்து இடுப்பு மூட்டின்மேல் விழுகிறது. அப்பாரத்தையெல்லாம் தாங்குவது இந்தச் சிறு கழுத்து. பந்திற்கு வேண்டிய குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களும் பெரும்பாலும் இக்கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்தால் அவையும் அறுபடலாம்; பின்னர் பந்து உணவின்றி மடியும். பிற எலும்புகளைப் போல இது கட்டுப்போட்டுக் கூடுவது அரிது என்பதன் காரணம் இதுவே.

இடிப்பாரும் கட்டுவாரும்

எலும்பினுள் மூவகை அணுக்கள் வேலை செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பை அரித்தெடுக்கிறது. ஒருவகை அவ்விடத்தில் புதிதாகக் கட்டுகிறது. மூன்றாவது வகை எலும்பினுள்ளேயே சிறைப்பட்டிருந்து, எங்கே பாரம் மிகுதி, எங்கே கீறல் என்று உணர்ந்து மற்ற இருவகையினர்க்கும் செய்தி அனுப்புகிறது. ஆண்டுதோறும் நம் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இந்த ஓயாத வேலைக்கு இரு நோக்கங்கள் உண்டு. ஒன்று பழுது பார்த்தல். மற்றொன்று கால்சியம் கணக்கு. உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பற்களிலும் இருக்கிறது; எஞ்சிய ஒரு விழுக்காடு குருதியிலும் தசைகளிலும் இருந்து, இதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் நரம்பு இயங்குவதற்கும் உதவுகிறது. குருதியில் கால்சியம் சிறிது குறைந்தாலும் உயிருக்கு இடர். ஆகவே உணவில் வராத நாளில், உடல் தயங்காமல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கைச்செலவுக்குப் பணமில்லாத போதெல்லாம் வைப்புநிதியிலிருந்து எடுக்கும் குடும்பத்தின் கதைதான். எடுக்கும்போது ஒருவருக்கும் தெரிவதில்லை, வலியும் இல்லை.

வைப்புநிதி நிரம்புவது இளமையில். ஏறக்குறைய 30 வயதுக்குள் எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவுதான் முதல். பின்னர் மெல்லக் கரைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் சில ஆண்டுகள் இக்கரைவு மிக விரைவாகும். நம் நாட்டுப் பெண்களுக்கு அது மேலைநாட்டாரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது. எலும்பின் உட்புறம் தேனடை போலப் புரையோடி நொய்ந்துபோகும் இந்நிலையை ஆஸ்டியோபொரோசிஸ் என்பர். எலும்புப்புரை என்று தமிழில் வழங்குகிறோம். டெக்ஸா என்னும் எக்ஸ்ரே சோதனையால் இதனை அறியலாம். இளம் வயதினரின் சராசரிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை எண்ணாகக் குறிப்பர். அது கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழாயின் எலும்புப்புரை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1994 இல் வரையறுத்தது.

எலும்பு பாரத்திற்கேற்ப வளர்வது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ப் 1892 இல் விளக்கி எழுதினார். உழைத்தால் கட்டும், ஓய்ந்தால் இடிக்கும். எடையற்று விண்வெளியில் மிதக்கும் வீரர்கள் இடுப்பெலும்பின் திண்மையில் மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழக்கின்றனர். விண்வெளிக்குச் செல்ல வேண்டுவதில்லை. நான்காம் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாலும், மெதுவாக, அதே திசையில்தான் எலும்பு செல்லும்.

நம் வீட்டு முதியோர்

இங்கேதான் பிற மாநிலங்களில் வாழும் நம்முடைய நிலை தனிப்பட்டதாகிறது. ஊரில் இருந்தவரை விடியலில் வாசல் தெளித்து, குளக்கரைக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து, திண்ணையில் வெயில் காய்ந்த தாய், கணவர் மறைந்த பின் மகனோடு தில்லிக்கோ மும்பைக்கோ வருகிறார். அடுக்குமாடி வீடு. கீழே இறங்கினால் காய்கறிக்காரரோடு பேச இந்தி வேண்டும். பக்கத்து வீட்டு அம்மையார் புன்னகை செய்வார், ஆனால் அதற்குமேல் பேச்சில்லை. வழி தவறிவிட்டால் கேட்கத் தெரியாது என்ற அச்சம் வேறு. ஆகவே அவர் இறங்குவதில்லை. மொழி தெரியாமை மனத்தை வாட்டும் என்பதை நாம் அறிவோம். அது எலும்பையும் தேய்க்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. வெயில், நடை, பாரம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன.

வெயிலின் பங்கு இது: கதிரவனின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகிறது, அது இல்லையேல் உண்ட கால்சியம் குடலிலிருந்து உடலில் சேர்வது மிகக் குறைவு. இந்திய நகரங்களில் நடந்த பல ஆய்வுகள், கதிரவன் காயும் இந்நாட்டிலேயே மக்களுட் பெரும்பாலோர்க்கு இச்சத்து போதவில்லை என்று காட்டியுள்ளன. சன்னலின் கண்ணாடி வழியே வரும் வெயிலால் இதற்குப் பயனில்லை. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. இளங்காலை வெயிலே நல்லது என்னும் பழக்கமும் இவ்வகையில் உதவாது. சாய்ந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் புற ஊதாப் பகுதியை இழந்துவிடுகின்றன. முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 வரையிலான வெயிலே வைட்டமின் டி தருவது. கருநிறத் தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில் கதிரவன் தாழ்ந்து செல்வதோடு புகைமூட்டமும் கவிந்து, உடல் முழுதும் கம்பளியும் போர்த்தியிருப்பதால், டிசம்பர், சனவரி மாதங்களில் வரவு மிகச் சுருங்கும். கோடையின் நண்பகலில் முதியோரை வெயிலில் நிறுத்துக என்று நாம் சொல்லவில்லை. அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களே அதற்கு ஏற்றவை. ஒரே குடியிருப்பில் நான்கைந்து தமிழ் இல்லங்கள் இருந்தால், பாட்டிமார் ஐவரும் பதினொரு மணிக்குப் பூங்காவில் கூடித் தமிழில் பேசிக்கொண்டே நடக்கலாம். சங்கத்தின் மாதர் பிரிவு இதனை ஏற்பாடு செய்தால் பட்டிமன்றத்தைவிடப் பயன் தரும் என்று துணிந்து கூறுவோம்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். 60,000 அலகு வைட்டமின் டி அடங்கிய பொடியும் மாத்திரையும் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை மருத்துவர் சொன்ன வாரக் கணக்கோடு நிறுத்த வேண்டும். நாள்தோறும் தாமே வாங்கி உண்டால் குருதியில் கால்சியம் மிகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உணவுக்கு வருவோம். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரை. தீட்டிய அரிசி 100 கிராமில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது அரிது. அதே எடை கேழ்வரகில் ஏறக்குறைய 350. முருங்கைக்கீரையில் 300க்கு மேல். நம் பாட்டனார் உண்ட கூழையும் களியையும் ஏழைமையின் அடையாளம் என்று ஒதுக்கியவர்கள் நாம். நகரத்துக் கடைகள் இன்று அதையே அழகிய உறையிலிட்டு விற்கின்றன. கேழ்வரகு கிடைக்கவில்லை என்று கவலுறும் அன்பர்கள் மும்பையில் 'நாச்சணி' என்றும், குஜராத்தில் 'நாகலி' என்றும், தில்லியிலும் உத்தராகண்டத்திலும் 'மண்டுவா' என்றும், பீகாரிலும் வங்கத்திலும் 'மருவா' என்றும் கேட்டுப் பார்க்கவும். முளைகட்டி அரைத்த மாவில் சத்து எளிதிற் சேரும். எள்ளும், முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீன்களும் சிறந்தவை. பால், தயிர், மோர் பற்றி அனைவரும் அறிவர். காப்பியில் விடும் பால் கணக்கிற் சேருமா என்று கேட்கும் அன்பர்க்கு விடை: சேரும், 100 மில்லிலிட்டர் பாலில் 120 மில்லிகிராம் அளவு. அதற்காக எட்டுக் குவளை காப்பி அருந்தலாகாது.

நீரையும் மறந்துவிடக் கூடாது. 1937 இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டச் சிற்றூர்களில், நடுவயதிலேயே முதுகு விறைத்துக் கூனிப்போனவர்களைப் பற்றி ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகிய மூவர் ஆராய்ந்து எழுதினர். கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடே காரணம் என்று தெரிந்தது. மிகுந்த புளோரைடு எலும்பில் படிந்து அதைக் கனமாக்கும், ஆனால் வலுவாக்காது. மூட்டுகளின் நார்களையும் சுண்ணாம்பாக்கி இறுக்கிவிடும். ராஜஸ்தான், குஜராத், ஹரியானாவின் பல பகுதிகளிலும், நம் தருமபுரிப் பக்கத்திலும் இத்தீங்கு உண்டு. புதிய குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போர் ஒருமுறை அதனைச் சோதிப்பது நலம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது.

முறிவு நேர்ந்தால்

சிறுவர்களின் எலும்பில் நார்ப்பகுதி மிகுதி, ஆதலின் அது பச்சைக் குச்சி போல ஒருபக்கம் பிளந்து வளையுமேயன்றி எளிதில் இரண்டாகாது, விரைவிலும் கூடும். அதனாலேயே பெற்றோர் சிலர் எண்ணெய் தடவி உருவினால் போதும் என்று இருந்துவிடுகின்றனர். குறிப்பாக முழங்கை முறிவில் இது பெருந்தீங்கு. உருவிவிட்டால் தசையினுள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு மடங்காமற் போகலாம். மூங்கிற் பத்தை வைத்து இறுகக் கட்டினால் குருதியோட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே முன்கைத் தசைகள் மடிந்து, கை கொக்கி போல் சுருங்கிவிடும். இதனை வோல்க்மன் என்னும் மருத்துவர் 1881 இலேயே விளக்கினார். புத்தூர்க் கட்டின் மேல் நம்மவர்க்குள்ள பற்றை நாம் அறிவோம். பரம்பரைக் கைப்பழக்கத்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கட்டும் கூடாது. கட்டிய பின் விரல்கள் வெளுத்தாலும், மரத்தாலும், விரலை நீட்டும்போது வலி பொறுக்க முடியாமற் போனாலும், அக்கணமே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதியோர்க்கு நேரும் இடுப்பு முறிவு வேறு வகையானது. மாடியிலிருந்து விழ வேண்டுவதில்லை. குளியலறையின் ஈரத் தரையில் கால் வழுக்குவதே போதும். இரவில் விளக்கில்லாமல் எழுதல், கண்புரை, காலில் சிக்கும் சேலைக் கொசுவம், எழுந்தவுடன் தலைசுற்றச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவை துணைக் காரணங்கள். சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தக் கொத்தனார்க்கு அரைநாள் வேலை. வாடகை வீட்டில் துளையிட உரிமையாளர் இசையமாட்டார் என்று தள்ளிப்போடும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். முதியவர் ஒருவர் விழுந்த பின் அதே உரிமையாளர் தாமே ஆளனுப்புவதையும் கண்டிருக்கிறோம்.

விழுந்தவரை இரு கைகளையும் பற்றித் தூக்கி நிறுத்துவதே நம் முதல் செயலாக இருக்கிறது. அது தவறு. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தோன்றி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் தொடை எலும்பின் கழுத்தோ அதனை அடுத்த பகுதியோ முறிந்ததாகக் கொள்ள வேண்டும். அசைக்காமல், இரு கால்களுக்கும் இடையே தலையணை வைத்துச் சேர்த்துக் கட்டி, படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. சிலர் எழுந்து நொண்டி நடந்துவிடுவதும் உண்டு. முறிந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகி நிற்பதால் அங்ஙனம் நேர்கிறது; நடக்கிறாரே என்று விட்டுவிட்டால் சில நாள்களில் முனைகள் விலகிவிடும். விழுந்த பின் அரையிலோ தொடை இடுக்கிலோ முழங்காலிலோ வலி இருந்தால் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும்.

"எண்பது வயதில் அறுவையா? படுக்கையிலேயே இருக்கட்டும், தானே கூடும்" என்று உறவினர் சொல்வர், அன்பினால் சொல்வதே. ஆனால் படுக்கையில் கிடக்கும் முதியவர்க்கு நுரையீரலில் சளி கட்டும். முதுகில் புண் வரும். கால் நாளங்களில் குருதி உறையும். இடுப்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவராவது ஓராண்டுக்குள் மறைவதைப் பல நாட்டுக் கணக்குகளும் காட்டுகின்றன. படுக்கையிலேயே விடப்பட்டோர் நிலை இன்னும் மோசம். ஆகவே, உடல்நிலை இடந்தந்தால் இரண்டு நாள்களுக்குள் அறுவை செய்வதையே மருத்துவர்கள் விரும்புகின்றனர். முறிந்த இடத்தைப் பொறுத்து ஆணியோ தகடோ வைத்து இணைப்பர். பந்திற்குக் குருதியோட்டம் அற்றுப்போனதாயின் அதனை எடுத்துவிட்டு உலோகப் பந்தினைப் பொருத்துவர். பெரும்பாலும் அறுவை முடிந்த மறுநாளே, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கச் செய்கின்றனர். அவ்வேளையில் பக்கத்தில் நின்று, "அம்மா, வலது காலை முன்னே வையுங்கள்" என்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். செவிலியர்க்கு அம்மொழி தெரியாது. அவர்கள் சொல்வது அம்மையார்க்குப் புரியாது. முதல் மூன்று நான்கு நாள்கள் வீட்டார் முறைவைத்து உடனிருத்தல் தேவை.